அயல்நாட்டில் மக்கள் நலத்தொண்டு: செல்லும் இளைஞருக்குச் சில சொற்கள்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கரும்பலகையும் நான்கு கோணிச் சாக்குகளுமாகத் தொடங்கிய மாலைப்பள்ளியே இன்று நம் கல்விச் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. அந்தச் சாக்குகளின்மேல் அமர்ந்து எழுத்துப் பயின்ற பிள்ளைகளுள் இன்று செவிலியர் உண்டு, மருந்தாளர் உண்டு, ஆய்வுக்கூடப் பணியாளர் உண்டு, சமூகப்பணியில் பட்டம் பெற்றோரும் உண்டு. வெள்ளிவிழாவில் இதனை எண்ணி மகிழ்வது முறையே. அந்த மகிழ்ச்சியை இம்மேடையில் பலரும் பேசினர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் சற்று வேறானது.

கடந்த ஓராண்டாக நம் இளைஞர் சிலர் சங்கப் பெரியோரிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகின்றனர். அயல்நாடுகளில் ஏழை மக்களிடையே இயங்கும் சிறு மருத்துவ அமைப்புகளில் ஆறு மாதமோ ஓராண்டோ ஊதியமின்றித் தொண்டாற்றச் செல்லலாமா என்பதே அக்கேள்வி. பெரியோரிடையே கருத்து இரண்டாகப் பிரிந்தது. “நம் தெருச் சாக்கடைக்கே மூடி இல்லை, கடல் கடந்து யாருக்குத் தொண்டு?” என்றனர் சிலர். “போகட்டும், நம் பிள்ளையும் வெளிநாடு போனான் என்ற பெயராவது மிஞ்சட்டும்” என்றனர் வேறு சிலர். இரண்டும் நம் வாழ்வின் வலியிலிருந்து பிறந்த சொற்களே; எதனையும் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இவ்விரண்டும் போதா. போகலாமா என்பதற்கு முன்னே, எப்படிப் போவது, எதற்காகப் போவது என்பவற்றை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

திண்ணையிலிருந்து விழுந்த மாத்திரை

தொண்டு செய்யப் புறப்படுமுன், பிறர் தொண்டைப் பெற்றவர்களாகிய நம் நினைவைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நாங்கள் சிறுவராக இருந்த நாளில் ஆண்டுக்கு ஒருமுறை நம் ஊருக்கு மருத்துவ முகாம் வரும். யார் நடத்தினர் என்பது இங்கு வேண்டா. முகாம் நம் தெருவுக்கு வராது. ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டின் திண்ணையில் மேசை போட்டு அமர்வார்கள். ஊரார் அனைவரும் பார்த்து முடிந்த பின்னரே நம்மவர் முறை வரும். நாங்கள் திண்ணைக்குக் கீழே வெயிலில் நிற்போம். உடம்புக்கு என்ன என்று மேலிருந்து கேட்பார்கள், கீழிருந்து சொல்வோம். நாடி பிடித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வரிசைக்கு இல்லை. நீட்டிய உள்ளங்கையில் ஒரு சாண் உயரத்திலிருந்து மாத்திரை விழும். அது எதற்கான மாத்திரை, நோய் என்ன, மீண்டும் வந்தால் என்ன செய்வது என்பவற்றை எவரும் சொன்னதில்லை. கேட்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததில்லை. இறுதியில் எல்லோரையும் நிறுத்திப் புகைப்படம் எடுப்பார்கள். அந்தப் படம் ஒன்றையும் நம் தெருவில் எவரும் கண்டதில்லை.

வந்தவர்கள் அனைவரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. அவருள் ஓர் இளம் மருத்துவர் திண்ணையை விட்டு இறங்கி வந்து, ஒரு பெண் குழந்தையின் வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்த்தது இன்றும் நம் கண்முன் நிற்கிறது. ஆனால் அவரும் மாலைப் பேருந்தில் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் அதே குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்பது அன்று நம் பெண்களின் நம்பிக்கை. நா வறண்டு கேட்ட பிள்ளைக்குத் தாய் தண்ணீரை மறுத்தாள். பெற்ற பாசத்தினாலேயே மறுத்தாள். இரண்டாம் நாள் குழந்தை இறந்தது. பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடலின் நீர் வற்றுதலே என்பதை, அந்தத் தெருவிலிருந்து சென்று படித்த நாங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் அறிந்தோம். அறிந்ததை அந்தத் தாயிடம் சொல்லும் துணிவு எங்களுள் எவருக்கும் வரவில்லை.

காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை. அரைக் கரண்டி உப்பு. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவே. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிசும் அவர் குழுவினரும் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. அங்கே மருத்துவரின் அறிவு தாயின் கைக்கும் தமையனின் கைக்கும் மாறிற்று, உயிர்கள் பிழைத்தன. நம் தெருவில் அது திண்ணையை விட்டு இறங்கவில்லை.

இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு, அயல்நாட்டுத் தொண்டைப் பார்ப்போம்.

மெக்சிகோ மலைநாட்டில்

மெக்சிகோ நாட்டின் மேற்குப் பகுதியில் சினலோவா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே சியரா மாத்ரே மலைத்தொடரில் அஹோயா என்பது ஒரு சிற்றூர். 1960களின் நடுவில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உயிரியல் ஆசிரியராக இருந்த டேவிட் வெர்னர் என்பவர் அம்மலைப் பகுதியில் நடைப்பயணமாகச் சென்றார். அவர் மருத்துவர் அல்லர். பரம்பரையாக வரும் நலிவு நோயால் கால்கள் வலுவிழந்தவர். வழியில் மலைமக்கள் அவருக்கு உணவளித்து இடமளித்துக் காத்தனர். அவர்களுடைய வீடுகளில் தங்கியபோது, பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஐந்து வயதுக்குள் மடிவதைக் கண்டார். மருந்துப் பொருள்களோடு மீண்டும் வந்தார். அமெரிக்காவிலிருந்து மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மாணவர்களும் அவருக்குத் துணையாக வந்து போயினர். இவ்வாறு உருவானதே பியாஸ்ட்லா திட்டம். அப்பகுதியில் ஓடும் ஆற்றின் பெயர் அது.

இதுவரை இக்கதை நாம் அறிந்த முகாம் கதையே. நாட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் மட்டுமே வேறு. பின்னர் நடந்ததே நாம் கற்கவேண்டிய பகுதி.

வெளியிலிருந்து நல்ல மருத்துவர் வந்து அமர்ந்தால், உள்ளூர்ச் சுகாதார ஊழியரிடம் மக்கள் செல்வதில்லை. அவர் போனபின்போ ஊழியருக்கும் தன்மீது நம்பிக்கை இருப்பதில்லை. ஆகவே உதவியே ஊறாக முடியக் கண்டனர். காலப்போக்கில் அத்திட்டத்தார் ஒரு முறையை வகுத்துக்கொண்டனர். மருத்துவமனையை நடத்துவோர் மலைக்கிராமத்தாரே. வெளி மருத்துவர் குறுகிய காலத்துக்கு வரலாம், கற்பிப்பதற்கே வரலாம். நோயாளியைப் பார்ப்பவர் சில ஆண்டுகளே பள்ளி சென்ற உள்ளூர் ஊழியர். மருத்துவர் அவர் அருகில் இருந்து, கேட்டால் சொல்பவர். பல ஆண்டு படித்த ஒருவர், உழவர் மகன் ஒருவனின் பக்கத்தில் துணையாளாக அமர்வது எளிய செயல் அன்று. அது கைவந்தவர்க்கே அங்கே இடமிருந்தது.

அந்த ஊழியர்களுக்காக எழுதத் தொடங்கிய குறிப்புகளே, 1973இல் ஸ்பானிய மொழியில் ‘மருத்துவர் இல்லாத இடத்தில்’ என்னும் பொருள்படும் நூலாயிற்று. 1977இல் ஆங்கிலத்தில் வந்தது. பின்னர் உலகின் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. படங்கள் நிறைந்த அந்நூல், மருத்துவ அறிவை எழுத்தறிவு குறைந்தவரும் பயன்கொள்ளும்படி அமைந்தது. எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதோடு, எந்த ஊசி வேண்டாத ஊசி, எந்தப் புட்டி வீண் செலவு என்பதையும் அது சொல்லிற்று. ஏழையின் பணத்தைப் பறிக்கும் மருந்துகளை ஏழைக்கே அடையாளம் காட்டிய நூல் அது.

நாளடைவில் அம்மலை ஊழியர்கள் வேறொன்றையும் கண்டனர். குழந்தை பேதியால் சாகிறது. மெலிந்த குழந்தையே எளிதில் சாகிறது. வீட்டில் சோளம் இல்லாததால் மெலிகிறது. விதைப்புக் காலத்தில் நிலக்கிழாரிடம் ஒரு மூட்டை கடன் வாங்கி அறுவடையில் இரண்டும் மூன்றுமாகத் திருப்பித் தருவதால் சோளம் இல்லை. ஆகவே அவர்கள் கூடிச் சோளக் கிடங்கு ஒன்றை ஏற்படுத்தி, குறைந்த வட்டிக்குத் தானியம் கொடுத்தனர். ஆண்களின் கூலி மதுவில் கரைவதைத் தெருநாடகமாக்கி ஆடிக் காட்டிய பெண்கள், ஊரில் மதுக்கடை திறப்பதை எதிர்த்து நின்றனர். உழுபவருக்கு உரிய நிலத்தை மீட்கும் முயற்சியும் எழுந்தது. மாத்திரையில் தொடங்கிய பணி நிலத்தில் வந்து நின்றது. இவை எவற்றையும் வெளிநாட்டுத் தொண்டர் முன்னின்று நடத்தவில்லை, நடத்தியிருக்கவும் இயலாது. நிலக்கிழாரின் பகையைத் தாங்கி அங்கேயே வாழவேண்டியவர் எவரோ அவரே அதனைத் தொடங்கும் உரிமையுடையவர்.

1981இல் அதே ஊரில் ப்ரோஹிமோ என்னும் அமைப்பு பிறந்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ‘அயலவர்’ என்று பொருள். கைகால் ஊனமுற்ற இளைஞர்களே ஊனமுற்ற குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் செயற்கைக் காலும் செய்து கொடுத்தனர். தன் உடம்பில் குறையைச் சுமந்தவனுக்கு அடுத்தவனின் குறை எங்கே உறுத்தும் என்பது தெரியும். கலை நுணுக்கம் மிகுந்த வெளியூர்ப் பட்டறையில் செய்த நாற்காலி மலைப்பாதையில் கவிழ்ந்தது. அவர்கள் செய்தது ஓடிற்று.

இதனைப் பொற்காலக் கதையாக முடித்துவிடுவது நேர்மை ஆகாது. 1990களில் மெக்சிகோவின் நிலச்சட்டம் மாறிற்று. போதைப்பொருள் கும்பல்களின் வன்முறை மலைநாட்டில் பெருகிற்று. அஹோயா மக்களில் பலர் ஊரை விட்டு வெளியேறினர். பியாஸ்ட்லா திட்டம் தளர்ந்தது. ப்ரோஹிமோ கோயோதித்தான் என்னும் வேறோர் ஊருக்கு இடம்பெயர்ந்தது. கட்டடம் நிலைக்கவில்லை. கற்ற மனிதர்கள் கற்றதை எடுத்துக்கொண்டு சென்றனர்.

உதவ வராதீர் என்ற குரல்

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஒரு கூட்டம் நடந்தது. மெக்சிகோவின் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் கூட்டம் அது. அதில் பேச அழைக்கப்பட்டவர் இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர். அவர் அம்மாணவரை வாழ்த்தவில்லை. உங்கள் நல்லெண்ணம் எவருக்கும் பயன்படாது. இம்மக்களின் மொழியும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதை அறியவும் உங்களால் இயலாது. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்னும் கருத்தை முகத்துக்கு நேரே கூறினார்.

கடுமையான சொற்கள்தாம். ஆனால் திண்ணைக்குக் கீழே நின்ற நமக்கு அச்சொற்கள் அந்நியமாகத் தோன்றவில்லை. நாங்கள் அன்று சொல்லத் தெரியாமல் நின்றதை அவர் சொல்லிவிட்டார் என்றே தோன்றியது.

ஆயினும் அவர் கூற்றை முழுதும் ஏற்க நம்மால் இயலவில்லை. எவரும் வரவே வேண்டா என்றால், அந்த ஒரு லிட்டர் நீரின் கணக்கு நம் தெருவுக்கு எப்படி வரும்? வருபவர் இறங்கி வரவேண்டும், அமர வேண்டும், கேட்க வேண்டும், கற்றுக்கொடுத்துவிட்டுத் தம் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. பியாஸ்ட்லா ஊழியர்கள் தம் வழியில் இல்லிச்சுக்குத் தந்த விடையும் அதுவே எனலாம்.

தாய்நாடு திரும்பியவர்

“நம் தெருவை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?” என்ற பெரியோரின் கேள்விக்கு இப்போது வருவோம்.

1971இல் இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஜஃப்ருல்லா சௌத்ரி என்னும் வங்க இளைஞர், தம் நாட்டில் விடுதலைப் போர் மூண்டதும் பயிற்சியை விட்டுவிட்டுப் புறப்பட்டார். திரிபுராவில், மூங்கிலாலும் கீற்றாலும் அமைந்த 480 படுக்கைகள் கொண்ட போர்க்கள மருத்துவமனையைத் தோழர்களுடன் நிறுவினார். செவிலியர் கிடைக்கவில்லை. மருத்துவம் அறியாத பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் திறம்படப் பணியாற்றினர். போர் முடிந்தபின் 1972இல், டாக்காவுக்கு அருகே சாவர் என்னுமிடத்தில் அந்த அனுபவமே கணோசாஸ்த்ய கேந்திரம், அதாவது மக்கள் நலவாழ்வு மையம் ஆயிற்று. சிற்றூர்ப் பெண்கள் துணை மருத்துவப் பணியாளராகப் பயின்று மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். பெண் மிதிவண்டி ஓட்டுவதே அங்கு அன்று பேரதிசயம். 1976இல் நிஜாம் என்னும் பணியாளர் கொலையுண்டார்; எளியவர் கையில் மருத்துவம் செல்வதைப் பொறுக்காதோர் எங்கும் உண்டு. 1982இல் வங்கதேசம் தேவையற்ற மருந்துகளை விலக்கி வகுத்த தேசிய மருந்துக் கொள்கையில் சௌத்ரியின் பங்கு பெரிது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில், பல நாட்டு எளிய மக்களின் அமைப்புகள் கூடிய முதல் மக்கள் நலவாழ்வுப் பேரவை அதே சாவரில்தான் நடந்தது. 2023 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இலண்டன் அவருக்குத் திறமையைக் கொடுத்தது; அவர் அதனைத் திரிபுராவின் மூங்கில் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கரும் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கற்றதை யாருக்காகச் செலவிட்டார் என்பதை இந்த மேடையில் சொல்லவும் வேண்டுமோ? கடல் கடப்பது குற்றமன்று. கடந்தவர் எதனோடு திரும்புகிறார் என்பதே கேள்வி.

ஜாம்கேட்டின் பெண்கள்

அயலவர் கற்க வரும் இடம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மராட்டிய மாநிலத்தின் ஜாம்கேட்டில், மருத்துவத் தம்பதியரான ரஜனிகாந்த் அரோலேயும் மேபல் அரோலேயும் 1970இல் ஊரக நலவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். சிற்றூர்கள் தாமே தேர்ந்தனுப்பிய பெண்களைச் சுகாதார ஊழியராகப் பயிற்றினர். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தலித் பெண்களும் பலர். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்டு ஒரே கூடத்தில் உறங்கிப் பயின்றனர். வறட்சிக் காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டியபோது, அவற்றைத் தலித் குடியிருப்புகளில் அமையச் செய்தனர். தண்ணீர் வேண்டுமானால் ஊரார் அங்கே வந்தாக வேண்டும்!

நம் பாட்டியரை இங்கே நினைக்கிறோம். பல ஊர்களில் மேல்தெருப் பிள்ளையும் முதலில் விழுந்தது நம் பாட்டியர் கையில்தான். பிரசவம் முடியும்வரை அந்தக் கை வேண்டும். முடிந்தபின் அந்தக் கை பட்ட இடத்தைக் கழுவுவார்கள். அறிவு நம்மிடம் இருந்தது. அதற்குரிய மதிப்பு இல்லை. ஜாம்கேட்டில் அக்கை தூய்மையும் பயிற்சியும் பெற்று, மதிப்போடு அதே வீட்டு வாசலில் ஏறிற்று. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப நலவாழ்வை உலகுக்கு வலியுறுத்தியது. அதற்கு முன்னரே, 1975இல், உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட்டின் அனுபவம் இடம்பெற்றிருந்தது.

1988இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த நலவாழ்வு மாநாட்டில், ஜாம்கேட்டின் சுகாதார ஊழியர் முக்தாபாய் போல் பேசினார். அந்த மண்டபத்தின் சரவிளக்குகளைச் சுட்டி, மருத்துவர்கள் இவற்றைப் போன்றவர்கள் என்றார்; அழகானவை, விலையுயர்ந்தவை, எட்டாதவை. தம்மைப் போன்றவர் சிறு அகல்விளக்கு என்றும், அதனால் இன்னொரு விளக்கை ஏற்ற முடியும் என்றும் கூறினார். தோழர்களே, அயல்நாடு சென்ற சிற்றூர்ப் பெண் ஒருத்தி அந்நாட்டு வல்லுநருக்குப் பாடம் சொன்ன நாள் அது. தொண்டின் திசை ஒன்றே என்று எவரேனும் கூறினால் இதனை எடுத்துக் காட்டுங்கள்.

செல்வோர் கேட்டறிய வேண்டுவன

இனி, செல்ல விழையும் இளைஞருக்கு நேராகச் சில சொற்கள்.

முதலாவதாக, உங்களை அழைத்தவர் யார்? அந்த ஊர் மக்களா, அல்லது பயணத்தை விற்கும் முகவரா? பெருந்தொகை கட்டி இரண்டு வாரம் சென்று வரும் தொண்டு, பெரும்பாலும் சுற்றுலாவே. நீங்கள் கட்டும் பணத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். விடை மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

இரண்டாவதாக, மொழி. வலி எங்கே என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரியாதவர், திண்ணையின்மேல் இருப்பவரே. செல்லுமுன் சில மாதம் பயிலுங்கள். சென்றபின் முதல் மாதத்தை மொழிக்கே கொடுங்கள்.

மூன்றாவதாக, இங்கே செய்ய உங்களுக்கு உரிமை இல்லாத எதனையும் அங்கே செய்யாதீர்கள். தையல் போடவும் பல் பிடுங்கவும் ஊசி குத்தவும் ஏழையின் உடம்பைப் பயிற்சிக்களமாகக் கொள்ளும் வழக்கம் உலகில் உண்டு. நம் உடம்புகளும் அவ்வாறு பயன்பட்டவையே. நாம் அதைப் பிறருக்குச் செய்யலாகாது.

நான்காவதாக, மருந்துகளை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டேனும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், அங்குள்ள ஊழியர் படிக்கக்கூடிய மொழியில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1996இலேயே நெறிமுறை வகுத்துள்ளது. மிஞ்சியதைக் கொடுப்பது தானமும் அன்று, மருத்துவமும் அன்று.

ஐந்தாவதாக, புகைப்படம். யாருடைய படம், அவர் ஒப்பினாரா, அவருக்கும் ஒரு பிரதி கிடைத்ததா என்பவற்றுக்கு விடை இல்லாமல் எடுக்காதீர்கள்.

இவை அனைத்தினும் பெரிது ஒன்றுண்டு. நம் பிள்ளை நம் தெருவில் கீழே நின்றவன். ஆனால் கடவுச்சீட்டும் சான்றிதழும் கையிலேந்தி வேறொரு நாட்டின் ஏழைத் தெருவில் அவன் இறங்கும் கணத்தில், அவனுக்கென்று அங்கே ஒரு திண்ணை காத்திருக்கும். நாற்காலி போடுவார்கள், ஐயா என்பார்கள், அவன் சொல்வதே சட்டமாகும். பிறந்ததிலிருந்து மறுக்கப்பட்ட மரியாதை ஒரே நாளில் கிடைக்கும்போது மனம் மயங்கும். அதனை வேண்டா என்று சொல்வது மற்றவர்க்கு ஒழுக்கம். நமக்கோ அது பெரும் போராட்டம். கீழே நின்ற நினைவு மட்டுமே அந்த நேரத்தில் நம்மைக் காக்கும். அந்நினைவைச் சுமையென்று எறிந்துவிடாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் தராத பயிற்சி அது.

முடிவாக, பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். மாலை போட்டு மட்டும் அனுப்பியும் விடாதீர்கள். திரும்பி வந்ததும் இதே கூடத்தில் அவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று சங்கம் ஒரு முறையை ஏற்படுத்தட்டும். என்ன கொடுத்தீர் என்று கேட்க வேண்டா. என்ன கற்றீர், யாரிடம் கற்றீர், நீங்கள் வந்தபின் அங்கே அப்பணியைச் செய்பவர் யார் என்று கேட்போம். பிறகு, கற்றதை நம் தெருவில் ஐந்து தாய்மாருக்கேனும் கற்பிக்கும் வரை அவர் தொண்டு முடிந்ததாகக் கொள்ள வேண்டா.

தண்ணீர் மறுக்கப்பட்டு இறந்த அந்தக் குழந்தையின் தாய் இன்று இல்லை. அவளிடம் சொல்லாத சொல் நம்மிடம் கடனாக நிற்கிறது. அந்தச் சொல்லைக் கேட்காத தாய்மார் இன்னும் பல நாடுகளில் உள்ளனர். நம் நாட்டிலும் உள்ளனர். யாரிடம் சென்று சொன்னாலும், அருகில் அமர்ந்து சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் கேட்டு வாருங்கள்.